ஃபான் சுற்றுகிறது, மொனிற்றர் இருட்டு: புதிதாகப் பூட்டிய கணினியில் படம் வராவிட்டால்

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். அக்கா கனடாவில் இருந்து அனுப்பிய காசில், கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் எடுப்பித்த சாமான்களை வைத்து, கோப்பாயில் வீட்டு மேசையில் இரண்டு நாள் மினக்கெட்டு நீங்களே ஒரு கணினி பூட்டியிருக்கிறீர்கள். இன்ரெல் ஐ5-12400எஃப் புறொசெசர், எச்610 மதர்போட், 8 ஜிபி டிடிஆர்4 றாம் இரண்டு, விளம்பரம் பார்த்து வாங்கிய பாவித்த ஆர்எக்ஸ் 580 கிறபிக்ஸ் காட், 550 வாற்ஸ் பவர் சப்ளை. பட்டனை அமத்தினால் ஃபான் எல்லாம் சுற்றுகிறது, லைற் எரிகிறது. மொனிற்றர் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டு இருண்டுபோகிறது. மதர்போட் பழுதா, கடைக்குத் திருப்பி அனுப்பவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் தரம் வாசித்தபோது அதற்கு அடியில் இன்னொரு கேள்வி கிடப்பது தெரிந்தது: ‘என் கையால் எதையாவது எரித்துப்போட்டேனா?’

அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். பெரும்பாலும் இல்லை. எரிந்த போட் அனேகமாக மணக்கும், அல்லது பட்டனை அமத்தினதும் ஒரு துடி துடித்துவிட்டு நின்றுவிடும். புதிதாகப் பூட்டிய மெசினில் படம் வராத சம்பவங்களில் என் கைக்கு வந்தவற்றில் மிகப் பெரும்பங்கு, ஏதோ ஒன்று சரியாகச் செருகப்படாததாலோ பிழையான இடத்தில் செருகப்பட்டதாலோ வந்தவை. உண்மையாகவே செத்த சாமான் வந்ததும் உண்டு, ஆனால் குறைவு. ஆகவே கடைக்கு அனுப்பும் யோசனையை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

ஃபான் சுற்றுகிறபடியால் எல்லாம் நல்லாய் இருக்கிறது என்று கன பேர் நம்புகிறார்கள். ஃபானுக்குத் தேவை 12 வோல்ட் மட்டும். அது சுற்றுவதால் பவர் சப்ளை வேலைசெய்யத் தொடங்கியிருக்கிறது என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பட்டனை அமத்தினதும் புறொசெசர் விழித்து பயோஸை, அதாவது மதர்போட்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலை, வாசிக்க வேண்டும், பிறகு றாமைக் கண்டுபிடித்துச் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகே கிறபிக்ஸ் காட்டைத் தட்டி எழுப்பும். மொனிற்றரில் படம் வருவது இந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில். முன்னால் எந்தப் படியில் தடக்கினாலும் வெளியே தெரிவது ஒரே இருட்டுத்தான். அதனால் இருட்டைப் பார்த்து ‘மதர்போட் போயிற்று’ என்று யாராலும் சொல்ல ஏலாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2002 இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை திறந்து கொழும்புச் சாமான் வரத் தொடங்கிய நாட்களில் நான் கணினி திருத்தும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். 2006 ஓகஸ்ட்டில் யுத்தத்தால் பாதை மூடியது. அதன் பிறகு ஒரு றாம் துண்டு வேண்டுமென்றாலும் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அந்த நாளில் ஒரு வீட்டுக்காரரிடம் அவசரப்பட்டு ‘மதர்போட் முடிஞ்சுது’ என்று சொல்லிவிட்டேன். புதுப் போட் வந்துசேர மூன்று மாதம் போனது. அதைப் பூட்டுவதற்காகப் பழையதைக் கழற்றும்போதுதான், புறொசெசருக்குப் பக்கத்தில் செருகும் நாலு பின் மின்வயர் பாதி கழன்று நிற்பதைக் கண்டேன். அழுத்திவிட்டுப் போட்டுப் பார்த்தேன், பழைய போட்டே எழும்பியது. அந்த மூன்று மாதமும் அந்த வீட்டுப் பிள்ளை சோதினைக்குக் கணினி இல்லாமல் இருந்தது. அதற்குப் பிறகு, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்காமல் எந்தச் சாமானையும் செத்தது என்று நான் சொல்வதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு தரம் போட்டுப் பார்ப்பது, கண்டதைக் கொப்பியில் எழுதுவது. மூன்றை ஒரேயடியாக மாற்றினால் படம் வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

உங்கள் கேள்வியில் எல்லா விபரமும் இருந்தது, ஒன்றைத் தவிர. மொனிற்றர் வயரை எங்கே செருகினீர்கள்? கேஸிங்கின் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளை இரண்டு இடத்தில் இருக்கும். யு.எஸ்.பி துளைகளுக்குப் பக்கத்தில் நிற்பது மதர்போட்டினுடையது. அதற்குக் கீழே, படுக்கையாக இருக்கும் தகட்டில் நிற்பது கிறபிக்ஸ் காட்டினுடையது. உங்கள் புறொசெசரின் பெயர் முடிவில் இருக்கும் ‘எஃப்’ என்ற எழுத்துக்கு அர்த்தம், அதற்குள் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது என்பது. வெறும் 12400 இல் அது இருக்கிறது, 12400எஃப் இல் இல்லை. ஆகவே மதர்போட்டின் எச்டிஎம்ஐ துளையில் நீங்கள் எந்த வயரைச் செருகினாலும், எந்த மொனிற்றரை வைத்தாலும், ஒருநாளும் படம் வராது. இது உறுதி. இன்ரெலுக்குப் போட்டியான ஏஎம்டி நிறுவனத்தின் புறொசெசர்களிலும் இதே கதைதான்: ரைசன் 5 5600 இல் இல்லை, 5600ஜி இல் உண்டு.

இது சின்ன விசயமாகத் தெரியலாம். போன வருடம் சுன்னாகத்தில் இருந்து ஒரு தகப்பன் புதுக் கேஸிங்கைப் போர்வையால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தார், மகன் பின்னால் சைக்கிளில் வந்தான். மூன்று நாளாக வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லையாம். கிறபிக்ஸ் காட்டின் துளைகளில் தூசி போகாமல் தொழிற்சாலையில் செருகிவிட்ட கறுப்புப் பிளாஸ்ரிக் மூடிகள் அப்படியே இருந்தன. பெடியன் அவற்றைத் துளைகள் என்றே நினைக்கவில்லை, திறந்திருந்த ஒரே எச்டிஎம்ஐ துளையான மதர்போட் துளையில் செருகியிருக்கிறான். மூடியை நகத்தால் இழுத்து எடுத்து வயரை மாற்றினேன், படம் வந்தது. அவனில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. திறந்திருக்கும் வாசலால்தான் எவரும் உள்ளே போவார்கள். உங்கள் காட் பாவித்தது என்பதால் மூடி இருக்காது, ஆனால் வயர் எங்கே நிற்கிறது என்பதை இப்போதே எழும்பிப் போய்ப் பாருங்கள்.

வயர் சரியான இடத்தில்தான் நிற்கிறதென்றால் அடுத்தது மொனிற்றர். ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்துக் காட்டுகிறதென்றால் அதன் திரை உயிரோடு இருக்கிறது. மொனிற்றரின் பட்டனால் உள்ளீட்டை எச்டிஎம்ஐ என்று தெரிவுசெய்யுங்கள். இரண்டு எச்டிஎம்ஐ இருந்தால் இரண்டையும் பாருங்கள். அதே வயரையும் மொனிற்றரையும் ஒரு லப்டொப்பிலோ வீட்டு ரி.வி பெட்டியிலோ கொழுவிப் பார்த்தால் வயரும் மொனிற்றரும் ஒரேயடியாகச் சோதனையில் தேறிவிடும். இடையில் ஏதாவது மாற்றித் துண்டு வைத்திருக்கிறீர்களா? டிஸ்பிளேபோர்ட் என்ற வகைத் துளையில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் மலிவுத் துண்டு ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் வேலைசெய்யும், அதைத் திருப்பிப் பாவிக்க ஏலாது. மொனிற்றர் வி.ஜி.ஏ மட்டும் உள்ள பழையது என்றால், ஆர்எக்ஸ் 580 இல் இருந்து அந்தப் பழைய வகைச் சிக்னல் வரவே வராது. உள்ளே மாற்றும் சுற்று உள்ள துண்டு வேண்டும்.

இனி ஒரு காசும் செலவில்லாத சோதனை. கீபோட்டைச் செருகி, மெசினைப் போட்டு ஒரு நிமிடம் விட்டு, நம் லொக் (Num Lock) விசையைத் தட்டுங்கள். அதன் சின்ன லைற் எரிந்து அணைந்து மாறுகிறதென்றால் மெசின் எழும்பிவிட்டது. புறொசெசரும் றாமும் வேலை செய்கின்றன, பிழை படத்தின் பாதையில்தான் இருக்கிறது. மாறாவிட்டால் அனேகமாக அது முன் படிகளில் எங்கேயோ நிற்கிறது. ‘அனேகமாக’ என்று சொல்வதற்குக் காரணம், சில மலிவுக் கீபோட்டுகள் விண்டோஸ் வரும் வரைக்கும் லைற் காட்டாமல் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். லைற் மாறினால் அது சாட்சி. மாறாததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மதர்போட்டின் ஓரத்தில் நாலு சின்ன எல்.ஈ.டி இருக்கிறதா என்று அறை லைற்றை அணைத்துவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் சிபியூ (புறொசெசர்), டிறாம் (றாம்), விஜிஏ (கிறபிக்ஸ் காட்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று பொருள்படும் சொற்கள் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மெசின் எழும்பும்போது இவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எதில் அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடக்கல். மலிவான எச்610 போட்டுகள் சிலவற்றில் இது இருக்காது. இல்லையென்றால், முன்பக்கப் பட்டன் வயர்கள் செருகும் இடத்துக்குக் கிட்டே நாலு பின்னில் பூட்டுகிற ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கலாம். ஒரு தேத்தண்ணிக் காசுக்குச் சற்றுக் கூட வரும். அது போடும் ‘பீப்’ ஒலிகளின் கணக்கு பயோஸ் செய்த நிறுவனத்தைப் பொறுத்து மாறும், அதனால் உங்கள் போட்டின் கையேட்டில் உள்ள அட்டவணையை மட்டும் நம்புங்கள்.

மின்வயர்களுக்கு வருவோம். மெசினை நிறுத்தி, சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றி, பிறகு பவர் பட்டனை ஒரு தரம் அமத்தி மிச்ச மின்னை வடிய விட்டு, கேஸிங்கின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். மதர்போட்டுக்கு இரண்டு வயர் தேவை. 24 பின் உள்ள அகலமானதை எல்லோரும் செருகுவார்கள். புறொசெசருக்குத் தனியாக, மேல் இடது மூலையில், நாலும் நாலுமாகப் பிரியக்கூடிய எட்டுப் பின் வயர் ஒன்று போக வேண்டும். கூலரும் கேஸிங்கும் நெருங்கிய மூலை என்பதால் அது மறந்துபோகும், அல்லது பாதியில் நிற்கும். கிறபிக்ஸ் காட்டுக்கும் ஒரு எட்டுப் பின் வயர் வேண்டும், அது ஆறும் இரண்டுமாகப் பிரியும். ஆர்எக்ஸ் 580 ஏறக்குறைய 185 வாற்ஸ் இழுக்கும் காட். செருகும் துளை 75 வாற்ஸ் மட்டும்தான் கொடுக்கும். வயர் இல்லாமல் அதன் ஃபான் சுற்றலாம், படம் வராது.

இந்த இரண்டு எட்டுப் பின் வயர்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் 12 வோல்ட்டும் பூச்சிய வயரும் இடம்மாறி நிற்கும். பின்களின் வடிவம் ஒன்றுக்கொன்று பொருந்தாதபடிதான் செய்திருக்கிறார்கள், ஆனால் பலம் போட்டுத் தள்ளினால் போய்விடும். இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள், பிழையான வயராக இருக்கலாம். வயர்கள் கழற்றிப் பூட்டும் வகைப் பவர் சப்ளை என்றால் வேறொரு பவர் சப்ளையின் வயரைக் கடன் வாங்கிப் பாவிக்கவே கூடாது. நிறுவனத்துக்கு நிறுவனம் பின் ஒழுங்கு மாறும். இது ஒன்றுதான் நான் இந்தப் பதிலில் பயமுறுத்திச் சொல்லும் விசயம், ஏனென்றால் இதில் உண்மையாகவே சாமான் எரியும்.

றாம் என்பது என் அனுபவத்தில் இரண்டாவது பெரிய காரணம். திருநெல்வேலியில் கம்பஸுக்குக் கிட்ட வாடகை அறையில் இருந்து படிக்கும் ஒரு பிள்ளை கொண்டுவந்த மெசின் நினைவிருக்கிறது. றாம் நேராகத்தான் நின்றது. குனிந்து, ரோர்ச் அடித்து, போட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, ஒரு முனையில் தங்க நிறக் கோடு நூல் அளவுக்கு வெளியே தெரிந்தது. மற்ற முனையில் அது தெரியவில்லை. இப்போதைய போட்டுகள் பலவற்றில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் மடங்கும் கிளிப் இருக்கும், மற்றப் பக்கம் அசையாது. கிளிப் உள்ள பக்கம் ‘டக்’ என்று சத்தம் கேட்டதும் செருகி முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம், அசையாத பக்கம் முழுதாக இறங்கியிருக்காது. இரண்டு பெருவிரலாலும் இரண்டு முனையையும் சமமாக, போட் சற்று வளைகிற மாதிரித் தெரிந்தாலும் பயப்படாமல், நேர் கீழாக அழுத்துங்கள். பிறகு ஒரு றாமை மட்டும் விட்டுப் போட்டுப் பாருங்கள். வராவிட்டால் அதே றாமை மற்றத் துளையில், பிறகு மற்ற றாமை முதல் துளையிலும் இரண்டாவது துளையிலும். நாலு சோதனையில் றாமா துளையா என்று தெரிந்துவிடும். எச்610 இல் இரண்டு துளைதான். நாலு துளை உள்ள போட் வைத்திருப்பவர்கள் ஒற்றை றாமைப் புறொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது துளையில் போட வேண்டும்.

அழிறப்பரால் றாமின் தங்கப் பக்கத்தைத் தேய்க்கும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. குருநகர், நாவாந்துறை பக்கத்து வீடுகளில் வருடக்கணக்கில் இருந்த மெசின்களில் உப்புக் காற்றால் களிம்பு பிடித்திருக்கும், அதற்கு அது பலன் கொடுத்திருக்கிறது. புது றாமுக்குத் தேவையில்லை. உங்கள் பாவித்த கிறபிக்ஸ் காட்டின் பற்கள் மங்கியிருந்தால் மெதுவாக ஒரு தரம் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பொறுமையும் இதில் ஒரு கருவி. புது மெசின் முதல் தரம் எழும்பும்போது றாமோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும், தானாக ஒன்றிரண்டு தரம் அணைந்து எழும்பும். உங்களுடைய டிடிஆர்4 க்கு ஒன்றிரண்டு நிமிடம் விட்டுப் பார்த்தால் போதும். டிடிஆர்5 பூட்டிய ரைசன் 7000 மெசின்களில் பல நிமிடம் இருட்டாகவே கிடந்து பிறகு படம் வந்ததை நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறேன். இடையில் பட்டனை அமத்தி நிறுத்தினால் அது மறுபடி முதலில் இருந்து தொடங்கும். பயோஸின் நினைவை அழிக்கும் வேலையும் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, போட்டில் இருக்கும் சின்ன வட்டப் பற்றறியை ஐந்து நிமிடம் எடுத்துவைத்துத் திரும்பப் போடுவது. செலவில்லை, தீங்கில்லை, செய்யுங்கள். ஆனால் இன்னும் ஒன்றுமே மாற்றாத புதுப் போட்டில் இதனால் படம் வந்தது எனக்கு அரிது. ஏற்கெனவே ஓடிய மெசினில் சாமான் மாற்றிய பிறகு வராவிட்டால் இது நல்ல மருந்து.

புறொசெசரையும் போட்டையும் பொறுத்தவரை உங்களுக்குக் கவலையில்லை. உங்கள் 12400எஃப் சேர்ந்த 12 ஆம் தலைமுறை இன்ரெல் புறொசெசர்களை எச்610 போட்டுகள் முதல் பயோஸிலேயே ஏற்கும். இதே போட்டில் 13 அல்லது 14 ஆம் தலைமுறையைப் பூட்டுபவர்களுக்கும், 2018 இல் வந்த பி450 என்ற ஏஎம்டி வகைப் போட்டில் ரைசன் 5000 பூட்டுபவர்களுக்கும் பழைய பயோஸ் காரணமாக இதே இருட்டு வரலாம். சில போட்டுகளில் புறொசெசர் இல்லாமலே பென் ட்றைவால் பயோஸைப் புதுப்பிக்கும் வசதி உண்டு.

இனிச் சந்தேகமான பகுதி. உங்கள் சாமான்களில் நான் கண்ணை வைப்பது அந்தப் பாவித்த ஆர்எக்ஸ் 580 மேலேதான். 2022 செப்டெம்பரில் ஈதீரியம் என்ற இணைய நாணயம், கிறபிக்ஸ் காட்டால் கணக்குப் போட வைத்து நாணயம் சம்பாதிக்கும், ‘தோண்டுதல்’ எனப்படும் முறையைக் கைவிட்டது. அதோடு இரவு பகலாக ஓடிய காட்டுகள் உலகம் முழுக்கப் பாவித்த சாமான் சந்தைக்கு வந்தன, ஆர்எக்ஸ் 580 அவற்றில் பேர்போனது. தோண்டுவதற்காக அந்தக் காட்டின் சொந்த பயோஸை மாற்றி எழுதியிருப்பார்கள். அப்படி மாற்றிய காட் புது போட்டுகளில் சரியாக எழும்பாமல் இருட்டடிப்பதைக் கண்டிருக்கிறேன். சில காட்டுகளின் மேல் விளிம்பில் இரண்டு பயோஸுக்கு இடையே மாற்றும் ஒரு நுளம்பளவு சுவிட்ச் இருக்கும். மெசினை நிறுத்திவிட்டு அதை மற்றப் பக்கம் தள்ளிப் பாருங்கள். உங்களுடையது அப்படிப்பட்ட காட்டா என்று இங்கே இருந்து என்னால் சொல்ல ஏலாது. ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க வழி இருக்கிறது: அந்தக் காட்டைக் கூட்டாளி ஒருவரின் ஓடுகிற மெசினில் பூட்டிப் பாருங்கள். அங்கேயும் இருட்டென்றால் போட்டைக் குறைசொல்லத் தேவையில்லை. அங்கே வந்தால் காட் தப்பியது. அதே மாதிரி அவருடைய காட்டை உங்கள் மெசினுக்கும் ஒரு மணித்தியாலம் கடன் கேளுங்கள். இந்த இரண்டு சோதனையும் பத்துப் பேரின் அபிப்பிராயத்தை விடப் பெறுமதி.

இவ்வளவுக்கும் வராவிட்டால் எல்லாவற்றையும் கேஸிங்குக்கு வெளியே எடுங்கள். மதர்போட் வந்த அட்டைப் பெட்டியின் மேல் போட்டை வையுங்கள். அது சுற்றி வந்த வெள்ளிநிறப் பையின் மேல் வைக்காதீர்கள், அதன் வெளிப்பக்கம் மின்னைக் கடத்தக்கூடும். புறொசெசர், கூலர், ஒரு றாம், கிறபிக்ஸ் காட், பவர் சப்ளை, இவ்வளவுதான். ஹாட் டிஸ்க் வேண்டாம், முன்பக்க வயர்கள் வேண்டாம். பட்டனுக்குரிய இரண்டு பின்னையும் ஸ்குறூ ட்றைவரின் நுனியால் ஒரு கணம் தொட்டுவிட்டால் மெசின் எழும்பும். இப்போது படம் வந்தால் பிழை கேஸிங்குக்குள். மதர்போட்டைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று துளை இல்லாத இடத்தில் நின்று போட்டின் முதுகை முட்டியிருக்கும். உங்கள் சிறிய போட்டைப் பெரிய கேஸிங்கில் பூட்டினால் இது சுலபமாக நடக்கும். துளைகளை எண்ணி, அதற்குரிய கால்களை மட்டும் விட்டு, மிச்சத்தைக் கழற்றுங்கள்.

அதிலும் வராவிட்டால் மட்டும் கூலரைக் கழற்றி புறொசெசரைத் தூக்கிப் பாருங்கள். புறொசெசர் உட்காரும் உங்கள் சொக்கற்றில் 1700 மெல்லிய கம்பி நுனிகள் இருக்கின்றன. ரோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் அவை வயலில் நாற்று நட்ட மாதிரி ஒரே சீராக மினுங்கும். எங்கேயாவது ஒரு புள்ளி மினுங்காமல் கிடந்தால், அல்லது வேறு பக்கம் பார்த்து மினுங்கினால், அந்த நுனி வளைந்திருக்கிறது. தொடாதீர்கள். கைபேசியால் கிட்டவாகப் படம் எடுங்கள். ஊசியால் நிமிர்த்தலாம், நான் நிமிர்த்தியிருக்கிறேன், முறிந்தும் இருக்கிறது. முதல் தரம் பூட்டும் ஒருவருக்கு அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. கூலரை ஒரு பக்கம் கூட இறுக்கினால் றாமின் ஒரு பக்கம் வேலைசெய்யாது என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டொரு தரம் ஸ்குறூவைத் தளர்த்தியதும் எனக்கும் சரிவந்திருக்கிறது, ஆனால் தளர்த்தியதால்தான் வந்ததா என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மூலைவிட்டமாக, சமமாக இறுக்குவதில் நட்டம் ஒன்றும் இல்லை. கூலருக்கு அடியில் பூசும் பசை கூடினதாலோ குறைந்ததாலோ தொடக்கத்திலேயே படம் வராமல் போகாது, அந்தக் கவலையை விடுங்கள். கழற்றினால் பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், அதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கேஸிங்கைத் தொட்டால் கை சுணைக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதுக்கும் படம் வராததுக்கும் தொடர்பு இருக்கச் சாத்தியம் குறைவு, ஆனால் அதை அப்படியே விடக்கூடாது. பவர் சப்ளையின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கொள்ளளவிகள் கேஸிங்கோடு தொடுக்கப்பட்டிருக்கும். சுவர்த் துளையில் எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போகும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேஸிங்கில் நிற்கும், மிகக் குறைந்த மின்னோட்டத்தோடு. எங்கள் பழைய கல்வீடுகள் பலவற்றில் துளை மூன்று இருந்தாலும் மூன்றாவதுக்குப் பின்னால் வயரே இல்லை. மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சரிபார்ப்பியுங்கள். அதுவரைக்கும் மொனிற்றர் வயரைச் செருகவும் கழற்றவும் முன்னர் இரண்டு பிளக்கையும் சுவரில் இருந்து எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத வீடுகளில் எச்டிஎம்ஐ துளை செத்த மெசின்கள் எனக்கு வந்திருக்கின்றன. இதுதான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை, ஆனாலும் என் வீட்டில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம், பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின் நிற்கும். அது பழுதா என்று பார்க்க இன்னொரு பவர் சப்ளையைக் கடன் வாங்குவதே வழி, அதன் வயர்களோடு சேர்த்து. ஒன்றுமே சரிவராமல் கொழும்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால், அனுப்ப முன்னர் சொக்கற்றையும் போட்டின் முன்பக்கம் பின்பக்கத்தையும் திகதி தெரியப் படம் எடுங்கள். சொக்கற்றின் பிளாஸ்ரிக் மூடியைப் போட்டு அனுப்புங்கள். நுனி வளைந்திருந்தால் உத்தரவாதம் இல்லை என்று சொல்வார்கள், பஸ்ஸில் போகும்போது வளைந்ததா முன்னரே வளைந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பற்றுச்சீட்டின் படம் ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

இன்றைக்கு இரவு வயர் எந்தத் துளையில் நிற்கிறது என்று பாருங்கள், கிறபிக்ஸ் காட்டின் எட்டுப் பின் வயரைப் பாருங்கள், ஒற்றை றாமோடு போட்டுப் பாருங்கள். அதிலும் வராவிட்டால், நம் லொக் லைற் மாறுகிறதா, எந்த எல்.ஈ.டி அணையாமல் நிற்கிறது, காட்டின் பின்பக்க ஸ்ரிக்கரில் என்ன எழுதியிருக்கிறது, இந்த மூன்றையும் படத்தோடு எழுதுங்கள். பார்த்துவிட்டு அடுத்த படியைச் சொல்கிறேன்.